அறுபத்திரண்டு வெள்ளி மனிதர்கள்

அத்தியாயம் 17

போன வாரம் ஃபெபியைத் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், கையில் தகரப் பெட்டியோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். "அந்தப் பொண்ணு இன்னும் வெயில்லயே நிக்குதா?" என்று திருவையாற்று வாசகி ஒருவர் போன் போட்டே கேட்டுவிட்டார். இல்லையம்மா, உள்ளே போய்விட்டாள். இரண்டு சுற்று ஆடி, இரண்டிலும் ஜெயித்தும் விட்டாள். ஆனால் அவள் வந்தது ஜெயிப்பதற்கு இல்லை என்பது நமக்குத்தான் தெரியும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஃபெபி மயிலாடுதுறை லுத்தரன் வீட்டுப் பெண். அப்பா ஞானாபரணம் ஓய்வுபெற்ற வாத்தியார், சபைக் கமிட்டிக்கு இருபது வருடம் செயலாளர். ஒரத்தநாட்டுப் பக்கம் அறுவடை மிஷின் ஓட்டும் சகாயராஜை அவள் விரும்பி, கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டாள். "மாதாவுக்குக் காணிக்கை போடுற வீட்டுல பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் அப்பா. அண்ணன் ஜெனித் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒன்றும் சொல்லாதவன் இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு மாதம் ஆயிற்று.

அண்ணனும் தங்கையும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு ஆட்டம் ஆடுவார்கள். மேசைமேல் மலை, ஆறு, வயல், கோட்டை எல்லாம் செய்து வைத்து, ஒன்றரை அங்குல உயரத்தில் போர்வீரர்களை நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் ஆட்டம். ஃபெபியின் படையில் அறுபத்திரண்டு பேர். அத்தனை பேரும் தலையிலிருந்து கால் வரை கவசம் போட்டவர்கள். கவசத்துக்கு வெள்ளி நிறம். அவர்களுக்குத் தளபதி வெள்ளைக் குதிரையில் வாளை உயர்த்திப் பிடித்திருப்பவன். அவள் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஜெனித் ஒரு மாதம் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக் கொடுத்தது. குதிரையின் காலடியில், யாருக்கும் தெரியாமல், 'பாப்பா படை' என்று எழுதியிருப்பான்.

அந்தத் தளபதியைத்தான் காணோம். வியாழக்கிழமைதான் அவளுக்கே தெரிந்தது.

கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்து எண்ணினால் அறுபத்தொன்று. வீட்டையே புரட்டினாள். எலி தூக்கிக்கொண்டு போயிருக்குமோ என்றுகூட யோசித்தாள். மாமியாரிடம் மட்டும் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த பெண், பொம்மையைக் காணோம் அத்தை என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்?

தளபதி இல்லாத படை களத்தில் இறங்க முடியாது. மாற்றாக எதையாவது நிறுத்தலாம், ஆனால் எதிரில் ஆடுகிறவர் வாய்விட்டுச் சம்மதிக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றில் ஃபெபி கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தின் மூடியைத் தளபதியாக நிறுத்தினாள். முதல் சுற்றில் எதிரே இருந்த கும்பகோணத்து மூஸா சிரித்துவிட்டு, "நிக்கட்டும் சிஸ்டர், பாவம், தொப்பி மட்டும் வந்திருக்காரு" என்றார். இரண்டாவது ஆளும் பெருந்தன்மைக்காரர்.

மூன்றாம் சுற்றுக்கான பட்டியலைப் பன்னிரண்டு மணிக்குச் சுவரில் ஒட்டினார்கள். மேசை நான்கு: ஃபெபி, ஜெனித்.

இதற்காகத்தான் அவள் வந்தாள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வையும் எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். வில்லாளிகளை ஆறு அங்குலம் நகர்த்துகிறேன், பாலத்தைத் தாக்குகிறேன், நீ பகடையை உருட்டு என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றும் ஒரு மணி நேர ஆட்டம்தான், இது மூன்று மணி நேரம். அவன் வில்லாளியைப் பற்றிப் பேசினாலும் போதும், அவளுக்கு அது அண்ணன் குரல்தான். ஆனால் சொட்டு மருந்து மூடியை அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அவன் வாயைத் திறக்காமலே வெற்றியை வாங்கிக்கொண்டு மயிலாடுதுறைக்குப் போய்விடுவான்.

*

பன்னிரண்டரைக்கு ஃபெபியின் மாமியார் சகாயம்மாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் நாலடுக்கு கேரியரோடு.

சகாயம்மாளை உங்களுக்குத் தெரியும். நடவுக்கு ஆள் கூட்டினால் முப்பது பெண்களை ஒரு சத்தத்தில் வயலில் இறக்குகிறவள். குழம்பில் உப்பு குறைந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சொல்கிறவள். அப்படிப்பட்ட மாமியார் ஆடி மாதத்திலிருந்து ஏன் திடீரென்று மருமகளிடம் ஒரு சொல்கூடச் சுடச் சொல்வதில்லை என்று நாமும் ஆறு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

மகன் குறுவை அறுப்பில் மிஷினை விட்டு நகர முடியாது. மருமகள் ஏதோ போட்டி என்றாள். மேசைமேல் ஆடுவது என்றாள். சகாயம்மாள் கேரம்போர்டு என்று நினைத்துக்கொண்டு காலைப் பூசை முடித்துக் கிளம்பிவிட்டாள். போட்டி என்றால் பசிக்காதா என்ன?

மண்டப வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாடி நின்றது. உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பதினாறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஊர். ஒன்றில் மலை, மலைமேல் பனி. ஒன்றில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கோயில், அதன் கோபுரத்தில் மணிகூட இருந்தது. ஒன்றில் ஆறு வளைந்து போனது, ஆற்றில் உண்மையாகவே தண்ணீர் நிற்பது போல ஏதோ ஊற்றி உறைய வைத்திருந்தார்கள். கரையில் நகக்கண் அளவுக்கு நாணல். எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன மனிதர்கள். ஓடுகிறவன், விழுந்து கிடப்பவன், கொடி பிடித்தவன், பக்கத்து ஆளின் தோளைத் தாங்கிக்கொண்டு நடக்கிறவன். ஒருவன் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கல்லை உதறிக்கொண்டிருந்தான்.

சகாயம்மாளுக்கு மூச்சே மெதுவாகத்தான் வந்தது. குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசை மேசையாகப் போனாள். கை பட்டு எதுவும் சாய்ந்துவிடுமோ என்று பயம்.

ஒரு மேசையில் நின்று, "ஏன் தம்பி, வாய்க்கா மேட்டைப் பாத்து ஏறிப் போகுதே. இப்படி வெட்டினா கடைமடைக்கு எப்படிப் பாயும்?" என்று கேட்டாள்.

அந்த மேசையைச் செய்த இன்ஜினீயர் பையன் வாய்க்காலை ஒரு நிமிடம் பார்த்தான். "தப்புதாங்கம்மா" என்றான்.

ஃபெபி ஓடிவந்து கேரியரை வாங்கினாள். "அத்தை, நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்..."

"சும்மா இரு. இதையெல்லாம் யாரு செஞ்சது?"

"ஆடறவங்களேதான் அத்தை. ஒவ்வொருத்தரும் வருஷக்கணக்கா செஞ்சு சேத்தது."

"மாதா மேலேருந்து பாத்தா நம்ம ஊரும் இப்படித்தான் தெரியும் போல" என்றாள் சகாயம்மாள். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கண்கள் கலங்கியே இருந்தன.

இருவரும் மண்டபத்துப் பந்தி அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், நெத்திலி. கேரியரில் பாதி அப்படியே மிச்சம். ஃபெபிக்கு இறங்கவில்லை. ஜெனித் தூரத்தில், தூணுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அது உங்க அண்ணன்தானே?" என்று சகாயம்மாள் கேட்டாள். கல்யாணப் பேச்சுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

"ம்."

"மெலிஞ்சுட்டாப்புல இருக்காரு."

ஃபெபி கேரியரை மூடினாள்.

*

ஒன்றரைக்கு மணி அடித்தது. மேசை நான்கு சன்னல் ஓரத்தில் இருந்தது. வெளியே புங்கமரமும் கார்கள் நிறுத்துமிடமும் தெரிந்தன.

ஃபெபி பெட்டியிலிருந்து வீரர்களை எடுத்து வரிசையாக நிறுத்தினாள். கடைசியில், நடுவில், சொட்டு மருந்து மூடி. ஜெனித் எதிரே வந்து தன் பெட்டியைத் திறந்தான். நிமிரவில்லை. மேசையைப் பார்த்தான். வெள்ளி வரிசைகளைப் பார்த்தான். அவன் பார்வை நடுவில் இருந்த மூடியில் வந்து நின்றது.

அவன் முகம் மாறியதை ஃபெபி பார்த்தாள். பதினான்கு மாதமாகப் பேசாதவன் முகத்தில் கோபம் இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அங்கே இருந்தது கோபம் இல்லை. நான் கொடுத்ததைத் தொலைத்துவிட்டாயா என்ற வலி.

அவன் எடுத்து வைத்த இரண்டு வீரர்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான்.

நடுவர் பக்கீர் முகம்மது அருகில் வந்தார். நெல் மொத்த வியாபாரம் செய்பவர், இந்த ஆட்டத்துக்குத் தஞ்சாவூரில் முதல் ஆள் அவர்தான். எல்லாவற்றையும் சட்டப்படி செய்வார்.

"மேசை நாலுல தளபதிக்கு மாத்து வச்சிருக்காங்க. எதிராளி சம்மதிச்சாத்தான் ஆட்டம். தம்பி, உங்களுக்குச் சம்மதமா?"

ஜெனித் பெட்டியின் மூடியை மெதுவாக இறக்கினான்.

"இன்னும் ரெண்டு தடவை கேப்பேன். மூணாவதுக்கும் பதில் இல்லைன்னா ஆட்டம் உங்களுக்கு."

ஃபெபியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "அண்ணா, தொலைக்கலைண்ணா. பெட்டியிலதான் இருந்துச்சு. எங்க போச்சுன்னு சத்தியமா தெரியலை."

நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்த சகாயம்மாள் எழுந்து வந்தாள். மேசைமேல் நின்ற வெள்ளி வீரர்களை அவள் இப்போதுதான் கவனிக்கிறாள். கேரியரோடு குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"யாரைக் காணோம் ஃபெபி?"

"தளபதியை அத்தை. குதிரைமேல இருப்பாரு. கையில வாள்."

"வெள்ளைக் குதிரையா?"

"ஆமா."

சகாயம்மாள் கேரியரைத் தரையில் வைத்தாள். "அது சந்தியாகப்பர் இல்லையா?"

ஃபெபிக்குப் புரியவில்லை. லுத்தரன் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு வெள்ளைக் குதிரையில் வாளோடு வரும் புனிதரைப் பற்றி என்ன தெரியும்?

"அவரு வேளாங்கண்ணியில இருக்காரும்மா" என்றாள் சகாயம்மாள்.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சகாயம்மாளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அன்றைக்கு அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஆடி மாசம் கட்டிலுக்கடியில கூட்டறப்ப பெட்டி தொறந்துகிச்சு. உள்ள பாத்தா அத்தனையும் வெள்ளி ஆளுங்க. எங்கள்ல ஒரு வேண்டுதல்னா வெள்ளியில ஆள் உருவம் வாங்கி மாதா உண்டியல்ல போடுவோம். ஒருத்தர் ஒண்ணு போடுவாங்க, மிஞ்சினா ரெண்டு. நீ அறுபத்திரண்டு சேத்து வச்சிருந்தே. நான் எண்ணினேன்."

சகாயம்மாள் மேசைமேல் நின்ற வரிசைகளைக் கையால் காட்டினாள்.

"நம்ம கோயிலுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, இந்தப் பொண்ணு மாதாகிட்ட அறுபத்திரண்டு வேண்டுதல் வச்சிருக்கேன்னு எனக்கு உடம்பே ஆடிப்போச்சு. இவ்வளவை மனசுல போட்டுப் புழுங்கிக்கிட்டு இருக்கிறவகிட்டயா உப்பு இல்லை, புளி இல்லைன்னு கத்தினேன்னு அன்னைக்குப் பூரா சோறு எறங்கலை."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே அத்தை."

"வேண்டுதலை வெளியில சொல்லக் கூடாதும்மா. கேக்கறதும் தப்பு. அதான் கொடியேத்தத்துக்கு நடந்து போனப்ப ஒண்ணை மட்டும் எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போனேன். குதிரையில போறவரு முந்திப் போய்ச் சொல்லுவாருன்னு அவரை எடுத்தேன்."

அவள் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டாள். "தப்புப் பண்ணிட்டேன். பொம்மைன்னு எனக்குத் தெரியாது."

இதுவரை சொன்ன கதையிலேயே இதை எழுதும்போதுதான் எனக்குக் கை நின்றது. உப்புக்குச் சண்டை போட்ட மனுஷி, யாருக்கும் சொல்லாமல், மருமகளின் ஆசை என்னவென்றுகூடத் தெரியாமல், அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போயிருக்கிறாள்.

ஃபெபிக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கவும் கூசியது. "குழந்தைக்காகவா வேண்டிக்கிட்டீங்க அத்தை?"

"அது எப்படி? உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதே. அதை நான் முடிவு பண்ண முடியுமா? 'மாதாவே, இவ மனசுல என்ன இருக்கோ அதைக் குடு, என்னன்னு என்னைக் கேக்காதே'ன்னு சொல்லிட்டுப் போட்டேன்."

ஃபெபி அழுதுவிட்டாள். ஆட்டம் நடக்கும் மண்டபத்தில், நூறு பேருக்கு நடுவில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

சகாயம்மாள் பர்ஸைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே மெல்லிய வெள்ளித் தகட்டில் கைகூப்பி நிற்கும் ஒரு ஆள் உருவம். "இது கோயில் வாசல்ல வாங்கினது. எனக்குன்னு வேண்டிக்கத்தான் வாங்கினேன், உன்னோடதைப் போட்டதும் எனக்குக் கேக்கத் தோணலை, இது மிஞ்சிப் போச்சு. அந்த மூடிக்குப் பதிலா இதை நிறுத்தினா ஆகுமா பாருங்க, ஐயா."

பக்கீர் முகம்மது அதை வாங்கவில்லை. "என் கையில இல்லீங்கம்மா. தம்பி சொல்லணும்." அவர் ஜெனித்தின் பக்கம் திரும்பினார். "ரெண்டாவது தடவை கேக்கறேன். சம்மதமா?"

ஜெனித் சகாயம்மாளைப் பார்த்தான்.

"எத்தனை நாள் நடந்தீங்க?"

அவன் குரல் கரகரத்திருந்தது.

"மூணு நாள் தம்பி."

"செருப்பு?"

"வேண்டுதலுக்கு நடக்கறப்ப செருப்பு ஏது? திருவாரூர் தாண்டினதும் கொஞ்சம் கொப்புளம். அவரு குதிரையில வந்தாரு, நான் நடந்து போனேன்."

ஜெனித் கையை நீட்டினான். அவள் தகட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது தானாக நிற்காது, காகிதம் போலச் சாயும். அவன் தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன வட்டக் கட்டையை எடுத்தான். கத்தியால் நடுவில் கீறினான். ஒரு சொட்டுப் பசை விட்டு, உருவத்தின் பாதத்தைக் கீறலுக்குள் செருகி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். பசை இறுக முப்பது எண்ண வேண்டும். அவன் உதடு அசைவதை ஃபெபி பார்த்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான், சத்தமில்லாமல் எண்ணுவான்.

மண்டபத்தில் அந்தப் பக்கம் பகடைகள் உருளும் சத்தம்.

முப்பது ஆனது. கைகூப்பிய மனிதனை அவன் வெள்ளிப் படையின் நடுவில் வைத்தான். சுற்றிலும் வாளும் ஈட்டியும் உயர்ந்திருக்க, அவர் மட்டும் கும்பிட்டபடி நின்றார். சன்னல் வெயில் அவர்மேல்தான் விழுந்தது. இத்தனை வருட ஆட்டத்தில் இப்படி ஒரு தளபதியைத் தான் பார்த்ததே இல்லை என்று பக்கீர் முகம்மது பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

"அப்ப சம்மதம்னு எடுத்துக்கலாமா?"

ஜெனித் தலையசைத்தான்.

"தலையாட்டினா செல்லாது. மூணாவது தடவை, கடைசி. எதிராளிகிட்ட வாயால சொல்லணும்."

ஜெனித் நிமிர்ந்தான். பதினான்கு மாதத்துக்குப் பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"சரி பாப்பா" என்றான். "நிக்கட்டும்."

ஃபெபி மாமியாரைத்தான் பார்த்தாள். சகாயம்மாள் முகம் துடைத்துக்கொண்டு, தளபதி விவகாரம் தீர்ந்ததே என்ற நிம்மதியில் நின்றாள். மாதாவிடம் தான் கேட்டது கண்ணெதிரே கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது.

"அத்தை" என்றாள் ஃபெபி. "நீங்க பேர் சொல்லாம கேட்டீங்களே. என் மனசுல இருந்தது இதுதான். அண்ணன் பேசணும்னுதான்."

சகாயம்மாள் ஜெனித்தைப் பார்த்தாள், ஃபெபியைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நடுவர் கடிகாரத்தை அமுக்கினார். "மூணு மணி நேரம். முதல் நகர்வு வெள்ளிப் படை."

ஃபெபி கண்ணைத் துடைத்து டேப்பை எடுத்தாள். வில்லாளிகளின் பக்கம் குனிந்தாள். அப்போது ஜெனித் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஆட்டம் முடிஞ்சதும் கிளம்பிடாதே பாப்பா. அப்பா வெளியில கார்ல இருக்காங்க."

டேப் அவள் கையிலிருந்து சுருக்கென்று சுருண்டு உள்ளே போனது.

"எப்பலேருந்து?"

"காலையிலேருந்து. நானா கூப்பிடலை, அவங்களா வந்து ஏறிக்கிட்டாங்க. உள்ள வரமாட்டேன்னுட்டாங்க. காலையில ஒரு காப்பி குடிச்சதோட சரி."

சன்னலுக்கு வெளியே, புங்கமரத்தடியில், சாம்பல் நிறக் கார். கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. உள்ளே வெள்ளைச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஃபெபிக்கு ஓட வேண்டும் போல இருந்தது. மேசையை விட்டு நகர்ந்தால் ஆட்டம் போய்விடும். ஆட்டம் போனால் அண்ணனுடைய மூன்று மணி நேரமும் போய்விடும்.

அவள் திரும்பி, "அத்தை" என்றாள். நாற்காலி காலியாக இருந்தது. தரையில் வைத்த கேரியரையும் காணவில்லை.

"பாப்பா, கடிகாரம் ஓடுது" என்றான் ஜெனித். அவனும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயிலில் சகாயம்மாள் கேரியரோடு நடந்து போனாள். செருப்பை மண்டப வாசலிலேயே மறந்துவிட்டிருந்தாள். தன் வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடமாட்டேன் என்றவரின் கார் அருகில் போய் நின்றாள். கேரியரின் மேலடுக்கைக் கழற்றி, மூடியில் எலுமிச்சை சாதத்தை வைத்தாள். பிறகு விரலை மடக்கி, மூடியிருந்த கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினாள்.